படியெடுக்கும்போது விட்டுப்போவது

நண்பர் ஒருவர் நாவல் படிப்பதை அடியோடு நிறுத்திவிட்டார். ஒரு காலத்தில் எனக்கே பல நாவல்களைக் கையில் கொடுத்துப் படிக்கவைத்தவர். இப்போது வரலாறு, தன்வரலாறு, அறிவியல், கட்டுரை, அவ்வளவுதான். காரணம் கேட்டால், "நடந்தது என்னன்னு தெரிஞ்சுக்கவே ஆயுசு பத்தாது, இதுல நடக்காததை வேற எதுக்குப் படிக்கணும்?" என்கிறார். வாசிக்கிறவர்கள் நடுவே இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு வயதுக்கு மேல் கதை பிடிக்காமல் போய்விடுகிறது என்பதை ஏதோ பக்குவம் வந்துவிட்டதைப் போலச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் மறுத்துப் பேச வாயெடுத்தால், 'புனைவில்தான் ஆழமான உண்மை இருக்கிறது' என்ற பழைய பல்லவிதான் வருகிறது. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் சொல்லித் தேய்த்த வாக்கியம். என் வாயிலிருந்து வரும்போது எனக்கே அது ஒட்டவில்லை. ஆழமான உண்மை என்றால் என்ன, அது மேலோட்டமான உண்மையோடு முரண்பட்டால் எதை எடுத்துக்கொள்வது என்று அவர் திருப்பிக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன்.

இது மனதில் உறுத்திக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டும் ஹிரோஷிமாவைப் பற்றியவை. ஒன்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா', 1946இல் வந்த அபுனைவு. மற்றது ஜப்பானிய எழுத்தாளர் மஸுஜி இபுசேயின் 'கருப்பு மழை', 1965-66இல் ஒரு ஜப்பானிய இலக்கிய இதழில் தொடராக வந்த நாவல். திட்டம் போட்டுச் சேர்த்துப் படிக்கவில்லை. முதலாவதை முடித்த கையோடு இரண்டாவது கிடைத்தது. படித்து முடித்தபோது, எது ஆவணம் எது கதை என்று நான் வைத்திருந்த கணக்கு மொத்தமாக இடம் மாறியிருந்தது.

ஆறு பேர்

ஹெர்சியின் புத்தகம் தொடங்கும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த நொடியில் ஆறு பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். தகரத் தொழிற்சாலையில் எழுத்தர் வேலை பார்க்கும் தோஷிகோ சசாகி, பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஏதோ பேசத் தலையைத் திருப்புகிறார். டாக்டர் ஃபுஜி, ஆற்றை ஒட்டி நீட்டிக் கட்டிய தன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். தையல்காரரின் மனைவியாக இருந்து விதவையான நகாமுரா, சமையலறை ஜன்னல் வழியாக, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். பாதிரியார் கிளைன்ஸோர்க் உள்ளாடையோடு கட்டிலில் சாய்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். இளம் அறுவை மருத்துவர் சசாகி ரத்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை நடையில் போகிறார். போதகர் தனிமோதோ ஊரின் மேற்குப் புறத்தில் ஒரு பணக்காரர் வீட்டு வாசலில் தள்ளுவண்டியிலிருந்து சாமான் இறக்கப் போகிறார். எவருக்கும் அது ஒரு முக்கியமான நொடி இல்லை. அதனால்தான் அந்தப் பக்கம் இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது.

'நியூயார்க்கர்' இதழ் முதலில் இதை நான்கு வாரத் தொடராகத்தான் போட நினைத்தது. பிறகு 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார்கள். அட்டையில் கோடைக்காலப் பூங்காவில் ஜனங்கள் ஓய்வாக விளையாடும் படம். அதைத் திருப்பினால் உள்ளே இது. அமெரிக்கர்கள் அதுவரை காளான் மேகத்தின் புகைப்படத்தைத்தான் பார்த்திருந்தார்கள், அதன் அடியில் இருந்தவர்களைப் பார்க்கவில்லை. 1945 முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்த ஒரு நகரத்தை ஆறு பெயர்களாகச் சுருக்கிக் கொடுத்ததுதான் ஹெர்சி செய்த காரியம்.

நண்பர் சொன்ன வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது என்று நினைத்துக்கொண்டேதான் படித்தேன். ஒரு உரத்த சொல் கிடையாது. ஆசிரியர் எங்கேயும் 'நான்' என்று வருவதில்லை. தனிமோதோ ஆற்றங்கரையில் காயம்பட்டவர்களைப் படகில் ஏற்றும்போது ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறார், தோல் கையுறை போலக் கழன்று வருகிறது. 'இவர்கள் மனிதர்கள், இவர்கள் மனிதர்கள்' என்று தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் அவரால் அந்த வேலையைத் தொடர முடிகிறது. ஹெர்சி அதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்தது. தனிமோதோ மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஹெர்சிக்கு எப்படித் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொண்டார், வேறெப்படி. 1946 கோடையின் தொடக்கத்தில் ஹிரோஷிமாவுக்குப் போய்ப் பலரையும் சந்தித்து மணிக்கணக்கில் பேசியவர் அவர். அந்தக் கேள்விகளில் ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. மொழிபெயர்த்துச் சொன்னவர்கள் இல்லை. பத்து மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்கிறார்கள் என்ற உணர்வும் வாசகனுக்கு வராது. எல்லாம் நம் கண் முன்னே நடக்கிறது. இது எங்கே கற்ற வித்தை என்று தேடினால் விடை ஒரு நாவலில் இருக்கிறது. ஜப்பான் போய்ச் சேர்வதற்கு முன் உடம்பு சரியில்லாமல் கப்பலில் படுத்திருந்த ஹெர்சி, தார்ன்டன் வைல்டரின் 'சான் லூயி ரே பாலம்' நாவலைப் படித்திருக்கிறார். பெருவில் ஒரு கயிற்றுப் பாலம் அறுந்து ஐந்து பேர் செத்துப்போகிறார்கள், அந்த ஐந்து பேரும் அந்த நேரத்துக்கு அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் கதை. தன் கட்டுரைக்கான வடிவம் அங்கிருந்து கிடைத்தது என்று ஹெர்சியே பிற்காலத்தில் சொன்னார். தவிர, அவரே ஒரு நாவலாசிரியர்தான். 1945இல் புலிட்சர் பரிசு வாங்கியது ஒரு நாவலுக்காக.

நடந்ததை மட்டும் படிக்கிறேன் என்று இதை எடுப்பவர், நாவலுக்குரிய அத்தனை வசதியோடும்தான் படிக்கிறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த வசதி இல்லாமல் இருந்திருந்தால் இதை இன்றைக்கு யாரும் கையில் எடுத்திருக்க மாட்டார்கள்.

வரன் தட்டிப்போகும் வீடு

'கருப்பு மழை' தொடங்குவது குண்டு விழுந்து சில வருடங்கள் கழித்து. ஹிரோஷிமாவிலிருந்து தள்ளி, மலையோரம் இருக்கும் கோபாதாகே என்ற கிராமம். ஷிகெமாத்ஸு, அவர் மனைவி ஷிகேகோ, அவர்களுடைய பொறுப்பில் இருக்கும் உறவுக்காரப் பெண் யாசுகோ. யாசுகோவுக்கு வரும் வரனெல்லாம் தட்டிப்போகிறது. குண்டு விழுந்த அன்று அவள் நகரத்துக்குள், ஒரு பள்ளிச் சேவைக்குழுவின் சமையல்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது பொய். ஆனால் விசாரிக்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார்கள். தொடராக வெளிவரத் தொடங்கியபோது இந்த நாவலுக்கு வைத்திருந்த தலைப்பே அந்தப் பெண்ணின் திருமணத்தைப் பற்றியது. பாதியில்தான் 'கருப்பு மழை' என்று மாற்றினார்கள். பழைய தலைப்பையும் மனதில் வைத்துக்கொண்டு படித்தால் நாவல் இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம்.

இப்போது ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. தரகர் யாசுகோவின் உடல்நிலை பற்றி விசாரிக்கிறார். வதந்தியை முறியடிக்க ஷிகெமாத்ஸுவுக்கு ஒரே வழிதான் தெரிகிறது. யாசுகோ அந்த நாட்களில் நாட்குறிப்பு எழுதியிருக்கிறாள். அதைப் படியெடுத்துத் தரகரிடம் கொடுத்துவிட்டால், அன்று காலை அவள் எங்கே இருந்தாள் என்பது தெளிவாகிவிடும். உட்கார்ந்து எழுத ஆரம்பிக்கிறார். நாவல் முழுக்க இந்தப் படியெடுப்புதான். முதலில் யாசுகோவின் குறிப்பு. பிறகு ஷிகெமாத்ஸுவின் சொந்த நாட்குறிப்பு. நடுவே போர்க்காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று ஷிகேகோ எழுதும் ஒரு கட்டுரை. கடைசிப் பகுதியில் ஒரு மருத்துவர் எழுதிய நினைவுக்குறிப்பு. கதை என்று நினைத்துக் கையில் எடுத்தால் காகிதக் கட்டாக இருக்கிறது.

முதல் நூறு பக்கங்களில் எனக்குக் கொஞ்சம் சலிப்புத் தட்டியது உண்மை. ஒரே நாளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. இந்தத் தெரு, அந்தப் பாலம், இங்கிருந்து இத்தனை தூரம் என்று ஷிகெமாத்ஸு வழி சொல்லிக்கொண்டே நடக்கிறார். நகரத்தின் வரைபடம் தெரியாதவனுக்கு அந்தப் பெயர்கள் எதுவும் நிற்பதில்லை. ஆனால் நடுநடுவே கிராமத்துக் காட்சிகள் வருகின்றன, அவை அபாரம். கதிர்வீச்சு நோயாளி கடின வேலை செய்யக் கூடாது, நல்ல சாப்பாடு வேண்டும், கொஞ்சம் நடக்க வேண்டும். அதற்காக ஷிகெமாத்ஸுவும் அவருடைய சேக்காளியும் குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வழியாகப் போகும் பெண் ஒருத்தி, ஊரே வேலையில் மூழ்கியிருக்கும்போது மீன் பிடிக்க நேரம் இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள் என்ற தொனியில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறாள். உடம்பெல்லாம் நோயை வைத்துக்கொண்டு ஊரில் சோம்பேறிப் பட்டம். கடைசியில் கெண்டை மீன் வளர்ப்பதென்று முடிவு செய்கிறார்கள். நாமே குஞ்சு வாங்கி விட்டு வளர்த்துப் பிடித்தால் அது தொழில் அல்லவா, யாரும் எதுவும் சொல்ல முடியாது. அணுகுண்டு பற்றிய ஒரு நாவலில் சிரிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அசோகமித்திரனைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் குரல் உடனே பிடிபட்டுவிடும்.

இந்தப் புத்தகத்தில் என்னை நிறுத்திய இடம் குண்டுவெடிப்பு வர்ணனை எதுவும் இல்லை. யாசுகோவின் நாட்குறிப்பைப் படியெடுத்துக்கொண்டு வரும்போது ஷிகெமாத்ஸு ஒரு பகுதிக்கு வந்து சேர்கிறார். குண்டு விழுந்தபோது யாசுகோ நகரத்துக்குள் இல்லைதான். ஆனால் பிறகு சிறிது நேரத்தில் அவள் மேல் கருப்பாக ஒரு மழை பெய்திருக்கிறது. கையில், உடுப்பில் எல்லாம் கறை. எத்தனை தடவை கழுவியும் போகவில்லை என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். எழுதும்போது அந்த மழை என்னவென்று அவளுக்குத் தெரியாது. அது கதிர்வீச்சு கலந்த மழை என்று படியெடுக்கிறவருக்குத் தெரியும். இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்ற கேள்வி வருகிறது. விட்டுவிட்டால், தரகர் மூல நாட்குறிப்பைக் காட்டச் சொன்னால் என்ன செய்வது என்ற அடுத்த கேள்வியும் கூடவே வருகிறது. கணவனும் மனைவியும் இதைப் பேசிக்கொள்வது மிகச் சாதாரணமாக, வீட்டுக் கணக்கைப் பற்றிப் பேசுவதுபோல.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதுவரை ஷிகெமாத்ஸுவை ஒரு சாட்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர் ஒரு பதிப்பாசிரியர். கையில் இருப்பது உண்மையான ஆவணம், நோக்கமும் நல்ல நோக்கம், ஒரு பொய்யான வதந்தியை உண்மையைக் கொண்டு தோற்கடிப்பது. அந்த உண்மையிலேயே ஒரு வரி எதிராளிக்குச் சாதகமாக இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீதி அத்தனையும் உண்மைதான். ஒரு வார்த்தை கூட இட்டுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் மொத்தமும் பொய்யாகிவிடும். பொய் சொல்ல நாவலாசிரியனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, படியெடுக்கத் தெரிந்தால் போதும்.

ஷிகெமாத்ஸு கண்டுபிடிக்கும் வழி இன்னும் விசித்திரமானது. யாசுகோவின் குறிப்போடு தன்னுடைய நாட்குறிப்பையும் இணைப்பாகச் சேர்த்துவிடுகிறேன் என்கிறார். தான் எவ்வளவு பக்கத்தில் இருந்தேன், என்னவெல்லாம் பட்டேன் என்று தெரிந்தால், ஒப்பிட்டுப் பார்க்கும்போது அவள் பட்டது ஒன்றுமில்லை என்று புரியும். அதாவது ஓர் ஆவணத்தின் ஆபத்தைக் குறைக்க இன்னோர் ஆவணம். அப்படித்தான் நாவல் வளர்ந்துகொண்டே போகிறது. காலப்போக்கில் தரகர் மறந்தே போகிறார். ஷிகெமாத்ஸு எழுதுவதற்காகவே எழுதிக்கொண்டிருக்கிறார். மை மங்கிவிடும் என்று தூரிகையால் எழுதுகிறார், முடித்ததும் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்கப்போகிறாராம். இதற்கிடையே யாசுகோவுக்கு நோய் வெளிப்படுகிறது. முதலில் கொஞ்ச நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறாள். வரன் போயே போய்விடுகிறது. இத்தனை பக்கமும் எதை நிரூபிக்க எழுதப்பட்டதோ அது பொய் என்று அவளுடைய உடம்பே சொல்லிவிடுகிறது.

கதையை முடித்துவிட்டு ஹெர்சிக்குத் திரும்பியபோது

ஹெர்சியை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை கேள்வி வேறு. இங்கே விட்டுவிடப்பட்ட வரி எது? எந்தத் தரகருக்காக இது படியெடுக்கப்பட்டது?

ஆறு பேரின் பட்டியலையே பாருங்கள். இரண்டு மருத்துவர்கள், இரண்டு கிறிஸ்தவ மதகுருமார்கள். அதில் ஒருவர் ஜெர்மானியர், இன்னொருவர் அமெரிக்காவில் படித்தவர். பௌத்தர்கள் நிறைந்த ஒரு ஜப்பானிய நகரத்தின் பிரதிநிதிகள் இவர்கள். ஹெர்சி ஏமாற்றவில்லை. அவர் முதலில் அணுகியதே பாதிரியார்களை, அவர்கள் மூலம்தான் மற்றவர்கள் கிடைத்தார்கள், ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் பேசுவது எளிது. அமெரிக்க வாசகனுக்கும் அப்படிப்பட்ட ஒருவரைத் தன்னவராக எண்ணிக்கொள்வது சுலபம். ஒரு வருடம் முன்புவரை எதிரி என்று சொல்லப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறோம் என்பதை மறக்காதவர் செய்த தேர்வு அது. அன்று ஹிரோஷிமாவில் ஆயிரக்கணக்கில் கொரியர்களும் இருந்தார்கள், வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவர்கள் உட்பட. அந்த ஆறில் ஒருவர்கூடக் கொரியர் இல்லை.

லெஸ்லி ப்ளூம் 2020இல் எழுதிய 'ஃபால்அவுட்', இந்தக் கட்டுரை உருவான கதையைச் சொல்லும் புத்தகம். அதையும் இதே வேகத்தில் படித்தேன். நடை சுமார்தான், துப்பறியும் கதை மாதிரி ஒவ்வோர் அத்தியாயத்தையும் கொக்கி போட்டு முடிக்கும் பழக்கம் எரிச்சலூட்டியது. ஆனால் ஒரு தகவலுக்காகவே படிக்கலாம். பிரசுரிப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை அணுகுண்டுத் திட்டத்தின் தலைவராக இருந்த ஜெனரல் லெஸ்லி க்ரோவ்ஸிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் சின்னச் சின்ன மாற்றங்களோடு அனுமதித்திருக்கிறார். குண்டு தயாரித்தவரின் மேசை வழியாகத்தான் குண்டு விழுந்தவர்களின் கதை வெளியே வந்திருக்கிறது. 'ஹிரோஷிமா'வின் எந்தப் பக்கத்திலும் இதற்கான தடயம் இல்லை, இருக்கவும் முடியாது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறொன்று. போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கையால் ஜப்பானிய மொழியில் இந்தப் புத்தகம் வருவதற்கு 1949 ஆகிவிட்டது. மொழிபெயர்த்த இருவரில் ஒருவர் தனிமோதோ. அந்த ஆறு பேரில் ஒருவர். தன்னைப் பற்றி ஓர் அந்நியர் எழுதியதைத் தானே தன் மொழியில் எழுத வேண்டி வந்த மனிதர். தன் மனதுக்குள் ஓடியதாக எழுதப்பட்டிருக்கும் அந்த வரிக்கு வந்தபோது அவர் என்ன செய்திருப்பார்? ஷிகெமாத்ஸு போலக் கொஞ்சம் நிறுத்தியிருப்பாரா? இதை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

இன்னொன்றும் இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது. தோஷிகோ சசாகி. புத்தக அலமாரி சரிந்து கால் நசுங்கிய பெண். மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடக்கிறாள். நிச்சயம் செய்யப்பட்டவன் பார்க்க வருவதே இல்லை. ஹெர்சி அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதல் தடவை அந்த இடம் என் நினைவில் தங்கவே இல்லை. யாசுகோவைப் படித்துவிட்டு வந்த பிறகு அதைத் தாண்ட முடியவில்லை. அவன் ஏன் வரவில்லை, அவன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாரிடம் விசாரித்தார்கள்? ஹெர்சியால் அதை எழுத முடியாது. அவர் தோஷிகோவிடம்தான் பேசினார். வராமல் போனவனின் வீட்டுக்குள் போக அவருக்கு உரிமை இல்லை. அந்த வீட்டுக்குள் இபுசே போகிறார். ஒரு வரியில் கடந்துபோனதை ஒரு நாவல் முழுக்க விரித்துப் பார்க்கிறார்.

இந்த உரிமை விஷயத்தில் ஹெர்சி கறாரானவர். பிற்காலத்தில், 1980இல், அவர் ஒரு கட்டுரை எழுதினார். பத்திரிகையாளனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் உரிமத்தில் ஒரே ஒரு வாசகம்தான் எழுதியிருக்கிறது, இதில் எதுவும் இட்டுக்கட்டியது இல்லை என்பதுதான் அது என்று வாதிட்டார். அபுனைவில் நாவல் வேலை காட்டிய அமெரிக்க எழுத்தாளர்கள் டாம் வுல்ஃப், நார்மன் மெய்லர், ட்ருமன் கபோட்டி மூவரையும் பெயர் சொல்லியே விளாசினார். கபோட்டி 'இன் கோல்ட் பிளட்' கொலை வழக்குப் புத்தகத்தின் கடைசியில் நடக்காத ஒரு கல்லறைக் காட்சியைச் சேர்த்தவர் என்பதால் அவருக்கு அந்த அடி தகும். ஹெர்சி சொல்லும் எல்லைக்கோடு சரியானது என்றே நானும் நினைக்கிறேன். சேர்ப்பதற்கும் விடுவதற்கும் வித்தியாசம் உண்டு, இல்லாததைச் சேர்ப்பது வாசகனுக்குச் செய்யும் துரோகம். என் குறை, அவருடைய உரிமத்தில் இரண்டாவது வாசகத்துக்கு இடமே இல்லை என்பதுதான்: எதையெல்லாம் விட்டேன், யாருக்காக விட்டேன். அதை எழுதுகிற கட்டாயம் அபுனைவுக்கு இல்லை. இபுசே அதையே கதையின் முடிச்சாக வைத்துவிட்டார்.

வேறு இரண்டு

இந்தக் கேள்வியோடு படித்ததால் மற்ற புத்தகங்களும் வேறு மாதிரி தெரிந்தன. டேனியல் டிஃபோ 1722இல் வெளியிட்ட 'பிளேக் ஆண்டின் நாட்குறிப்பு', 1665இல் லண்டனில் பரவிய கொள்ளைநோயை நேரில் பார்த்தவர் எழுதியதுபோல எழுதப்பட்ட நாவல். அந்தக் கொள்ளைநோயின்போது டிஃபோவுக்கு வயது ஐந்து இருக்கலாம். உள்ளே வாராந்தர மரணக் கணக்குப் பட்டியல்கள் அப்படியே வருகின்றன. வெகுகாலம் இதை வரலாறு என்று நம்பிப் படித்தவர்கள் உண்டு. எனக்கு நடுவில் தூக்கம் வந்தது. ஆனால் அந்தக் கதைசொல்லி அரசாங்கக் கணக்கை எடுத்துக்காட்டிக்கொண்டே அதை நம்பாமலும் இருக்கிறான். குடும்பங்கள் தங்கள் வீட்டை அதிகாரிகள் பூட்டிவிடுவார்களே என்று பயந்து சாவுக்கு வேறு நோயின் பெயரை எழுதவைக்கிறார்கள், அதனால் வேறு நோய்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறுகிறது என்று விளக்குகிறான். எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஆள்.

ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சின் செர்னோபில் புத்தகம் வேறு வகை. 1986 அணு உலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுகிறார்கள். முதலில் வருவது தீயணைப்பு வீரர் ஒருவரின் மனைவி லுத்மிலா இக்னதென்கோ. கணவர் இருக்கும் வார்டுக்குள் போக வேண்டும். குழந்தை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஒரு பையன், ஒரு பெண் என்று பொய் சொல்கிறாள். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்று தெரியும். இந்த ஒரு பக்கத்துக்காக அலெக்ஸியேவிச்சுக்கு எதையும் மன்னிக்கலாம். ஆனால் புத்தகம் போகப் போக எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசுவதுபோல எனக்குப் பட்டது. படைவீரன், விஞ்ஞானி, கிழவி எல்லோருக்கும் அதே நீண்ட மௌனம், அதே அறுந்த வாக்கியம். அவருடைய கேள்விகள் எதுவும் பக்கத்தில் இல்லாததால், எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்று தெரிவதில்லை. ஒரே ஒரு அத்தியாயத்திலாவது கேட்டவரும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. 2015இல் நோபல் கொடுத்தவர்கள் என்னோடு உடன்பட மாட்டார்கள், சரி, பரவாயில்லை.

இபுசேயும் தப்பவில்லை

நாவல்தான் யோக்கியம் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. இபுசே ஹிரோஷிமா மாகாணத்தில் பிறந்தவரே தவிர, குண்டு விழுந்தபோது நகரத்தில் இருந்தவர் இல்லை. நாவலின் ஷிகெமாத்ஸுவுக்கு முழுப்பெயர் ஷிஸுமா ஷிகெமாத்ஸு, குடும்பப்பெயர் முதலில். நிஜத்தில் ஷிகெமாத்ஸு ஷிஸுமா என்று ஒருவர் இருந்தார். பெயரின் இரண்டு பாதிகளையும் முன்பின்னாக மாற்றியதுதான் புனைவு. நாவலில் வரும் நாட்குறிப்பில் பெரும்பகுதி அந்த மனிதருடைய நாட்குறிப்பிலிருந்து எடுத்தது. கடைசியில் வரும் மருத்துவரின் நினைவுக்குறிப்பும் நிஜமான ஒரு மருத்துவருடையதுதான். நிஜ நாட்குறிப்பு 2001இல் தனி நூலாக ஜப்பானில் வெளிவந்தது. இபுசே இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. எவ்வளவு எடுத்தார், எடுத்ததை எப்படி மாற்றினார், இதைச் சொந்தப் படைப்பு என்று சொல்லலாமா என்று அங்கே பெரிய விவாதமே நடந்திருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை. ஒருவேளை வந்திருக்க வேண்டுமோ என்னவோ. கெண்டை மீன் வளர்ப்பு, வீட்டில் நடக்கும் வரன் பேச்சு, படியெடுக்கும்போது வரும் அந்தத் தயக்கம், இவற்றைச் சுற்றி வைத்ததால்தான் நாட்குறிப்பு வேறொன்றாக ஆனது. போர் முடிந்ததென்று பேரரசர் வானொலியில் பேசும் நேரத்தில், எல்லோரும் ஓரிடத்தில் கூடியிருக்க, ஷிகெமாத்ஸு பின்பக்கம் போய் ஓடைத் தண்ணீரில் எதிர்நீச்சல் போடும் குட்டி விலாங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதை எழுதுகிறவன் நல்ல எழுத்தாளன், சந்தேகமே இல்லை.

ஆனாலும், விட்டுவிடப்பட்ட வரி எது என்று ஹெர்சியைக் கேட்டவன் இபுசேயையும் கேட்டாக வேண்டும். தன் நாட்குறிப்பை ஒரு பள்ளி நூலகத்துக்காகத் தூரிகையால் எழுதி வைக்கும் மனிதனைப் படைத்தவர், அதே நாட்குறிப்பை எழுதிய நிஜ மனிதனைக் கதாபாத்திரமாக மட்டும் புத்தகத்துக்குள் விட்டிருக்கிறார். ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே பெயர்தான். அட்டையில் ஷிகெமாத்ஸு ஷிஸுமாவின் பெயரும் இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நாவலின் தரம் அதனால் ஒரு துளியும் குறைந்திருக்காது.